திறந்ததும் மூடிக்கொண்ட வரைபடம்

எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தூசி புகக் கூடாது என்று சுற்றிலும் அடைத்துவிட்டு, உதிரிபாக அச்சுகள் தயாராகிற டூல் ரூம் பக்கத்துச் சுவரில் மட்டும் கண்ணாடி பதித்திருந்தார்கள். செருப்பை வெளியே விட்டு உள்ளே போனால் ஏ.சி. குளிரில் பாதம் மரத்துப்போகும். தொண்ணூறுகளின் கடைசி. ஓசூர் தொழிற்பேட்டையில் பம்புக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி அது. எனக்கு அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை.

நான் நாட்றாம்பாளையத்துப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, ராகியும் கொள்ளும் போடுவார். கிருஷ்ணகிரியில் தங்கி கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்த கையோடு இந்த வேலை கிடைத்தது. சேர்ந்ததும் பெங்களூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்ததற்குப் பதிலாக இரண்டு வருஷம் வேலையை விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை ஜெனரல் மேனேஜர் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். பெரிய கம்பெனியில் எல்லாம் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மத்திகிரியில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டிலிருந்து காலையில் டவுன் பஸ் ஏறுவேன், சாயங்காலம் கம்பெனி வண்டியில் திரும்புவேன்.

அந்த வருஷம் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வரைபடங்களைக் கூரியரில் அனுப்புவதை நிறுத்திவிட்டார். இனி இன்டர்நெட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். பிரவுசர் மட்டும் இருந்தால் போதாது. அந்த வரைபடத்தைத் திறக்க பிளக்-இன் என்று ஒரு துணைப் புரோகிராமை பிரவுசருக்குள் பொருத்த வேண்டும். அதைப் பொருத்தியது நான்தான். முதலில் சில வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் ஆரம்பித்தது வினை.

மோடம் கீச்சிட்டு பெங்களூருக்கு லைன் கிடைக்கும். வரைபடம் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். முழுசாக வந்ததும், அளவு எண்ணைப் பெரிதாக்கிப் பார்க்க மவுஸை அதன்மேல் வைத்து அழுத்துவேன். அவ்வளவுதான், திரை உறைந்துபோகும். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்து, இந்தப் புரோகிராம் ஓர் இல்லீகல் ஆபரேஷன் செய்துவிட்டது, மூடப்படும் என்று ஆங்கிலத்தில் சொல்லும். ஓகே என்பதை அழுத்துவதைத் தவிர வேறு வழி இருக்காது. பிரவுசர் மொத்தமாக மறைந்துவிடும்.

அந்தப் பெட்டியை ஜி.எம். பார்த்தது என் கெட்ட நேரம். அவர் கோயம்புத்தூர்க்காரர், லேத் மெஷினைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வார், கம்ப்யூட்டர் மட்டும் தெரியாது. பெட்டியில் இருந்ததை இரண்டு முறை படித்தார்.

"இல்லீகல்னு போட்டிருக்குது. நீ என்னம்மா பண்ணுனே?"

நான் எதுவும் செய்யவில்லை, அது மென்பொருள் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற வார்த்தை என்று விளக்கிப் பார்த்தேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. அடுத்த நாளிலிருந்து அந்த அறைக்குப் பூட்டு வந்தது. வாடிக்கையாளரின் வரைபடம் வெளியே போய்விடக் கூடாதாம். சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும். காலையில் அவர் திறந்து என்னை உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டு போவார். பாத்ரூம் போக வேண்டுமானால் கண்ணாடியைத் தட்டி, டூல் ரூமில் இருக்கிற யாரையாவது பார்க்க வைத்து, அவர்கள் போய் செக்யூரிட்டியைக் கூட்டி வர வேண்டும். ஆம்பளைகள் நிறைந்த இடத்தில் எதற்காகக் கண்ணாடியைத் தட்டுகிறேன் என்று எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

பெங்களூரில் இருந்த சர்வீஸ் இன்ஜினியருக்கு போன் செய்தேன். பிளக்-இன்னை எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். போட்டேன். பிரவுசரையே எடுத்துவிட்டுப் போடச் சொன்னார். அதையும் செய்தேன். திரையின் நிறங்களைக் குறைத்துப் பார்த்தேன், பழைய கோப்புகளை எல்லாம் அழித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே பெட்டி வந்து நின்றது. நேரில் வருகிறேன் என்றவரும் வரவில்லை. கர்நாடகப் பக்கம் பந்த் என்று எல்லையில் அத்திப்பள்ளியோடு பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள்.

கடைசியில் துணிந்து கம்ப்யூட்டரையே முழுசாக அழித்து, ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் ஏற்ற ஆரம்பித்தேன். அன்று வரைபடம் திறந்தது. பெரிதாக்கினேன், அசைத்தேன், ஒரு படத்தை பிரிண்டும் எடுத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காட்டினேன். டூல் ரூம் சூப்பர்வைசர் கும்பிடுகிற மாதிரி கையை உயர்த்தினார். அவருக்கு வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். அந்த அளவுகள் கிடைக்காமல் அச்சு செய்ய முடியாமல் என்னைப் போலவே மாட்டிக்கொண்டிருந்தவர்.

மறுநாள் காலையில் மறுபடி அதே பெட்டி.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை அஞ்செட்டியில் என் அக்காவுக்கு வளைகாப்பு. மதியமே கிளம்பினால்தான் தேன்கனிக்கோட்டை போய் அஞ்செட்டி பஸ்ஸைப் பிடிக்க முடியும். அதை விட்டால் அன்றைக்கு வேறு கதியில்லை. முன்னாடியே லீவு சொல்லியிருந்தேன். ஜி.எம். வந்து கதவருகே நின்றுகொண்டு, படம் திறந்த பிறகு எங்கே வேண்டுமானாலும் போ, அதுவரைக்கும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அழுதாவது இருப்பேன். செக்யூரிட்டி வெளியிலிருந்து பூட்டுகிற சத்தம் கேட்டது.

மதிய பஸ் கிளம்பியிருக்கும் நேரம் தாண்டியதும் எனக்குள் ஏதோ அடங்கிப்போனது. இனி அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. மவுஸைத் தொடாமல் சும்மா உட்கார்ந்து, அழித்துப் போட்ட அன்று என்னென்ன செய்தேன் என்று யோசித்தேன். வரைபடம் திறந்தபோது கம்ப்யூட்டர் கிட்டத்தட்டக் காலி. சாயங்காலம்தான் மற்றவற்றை ஒவ்வொன்றாக ஏற்றினேன். வைரஸ் தடுப்பு, சம்பளக் கணக்கு, தமிழ் டைப்பிங். இதில் எதுவோதான் பிளக்-இன்னோடு ஒத்துப்போகவில்லை.

திரையின் கீழ் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக எழுந்து பின்னால் ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம்கள் அவை. ஒவ்வொன்றாக மூடி, ஒவ்வொரு முறையும் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். வைரஸ் தடுப்பை மூடினேன், பெட்டி வந்தது. சத்தத்துக்கானதை மூடினேன், வந்தது. மிச்சம் இருந்தது 'அ' என்று எழுதிய ஒரு சின்னக் கட்டம். பிளக்-இன் வந்து சில வாரம் கழித்து, நோட்டீஸ் போர்டுக்குத் தமிழில் அறிவிப்பு அடிக்க வாங்கிப் போட்ட மென்பொருள். கீபோர்டில் நான் எந்த எழுத்தைத் தட்டினாலும் முதலில் அதுதான் வாங்கி, தமிழாக்கித் தரும். தினமும் நான் பயன்படுத்தியது. எனக்குப் பிடித்ததும்கூட. அதன்மேல் சந்தேகமே வரவில்லை.

அதை மூடினேன். வரைபடத்தைத் திறந்து அளவு எண்ணின்மேல் அழுத்தினேன். எண் பெரிதானது. இன்னொன்றை அழுத்தினேன், அதுவும் பெரிதானது. 'அ'வை மறுபடி ஓடவிட்டேன், பெட்டி வந்தது. மூடினேன், படம் மறையாமல் நின்றது. படத்தின்மேல் அழுத்தியதும் இரண்டுமே கீபோர்டைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்திருக்கின்றன, அந்த இழுபறியில் பிரவுசர் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. சந்தோஷம் வரவில்லை. அக்காவுக்கு இந்நேரம் மருதாணி வைத்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்புத்தான் வந்தது.

கண்ணாடியைத் தட்டினேன். சூப்பர்வைசர் வந்து, செக்யூரிட்டியைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்க வைத்தார்.

"ஆயித்தாம்மா?" என்று கன்னடத்திலேயே கேட்டார். முடிந்துவிட்டதா என்கிற கேள்வி.

ஜி.எம்.மும் வந்தார். குனிந்து படத்தைப் பார்த்தார். நல்லது என்றார். பிறகு, அந்த வரிசையில் இருக்கிற மற்ற வரைபடங்கள் எல்லாவற்றையும் நாளை வந்து பிரிண்ட் எடுத்துவிட்டு அடுத்த வாரம் ஊருக்குப் போகலாம் என்றார். படம் திறந்தால் போகலாம் என்று காலையில் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்த மாதிரி இல்லை.

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"சார், நாளைக்கு நான் வரல. எங்க அக்காவுக்கு வளைகாப்பு."

"அப்புறம் படத்தை யாரு எடுக்கறது? வேற யாருக்குத் தெரியும்?"

"இவருக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போறன் சார். இந்த 'அ'வை மூடிட்டுத் திறந்தா போதும்."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், ஜி.எம்.மைப் பார்த்தார். பிறகு எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். 'அ'வை மூடுவது, லைன் போடுவது, படத்தைத் திறப்பது, பிரிண்ட் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்ய வைத்தேன். மவுஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முதல் படத்தை அவரே எடுத்தார். ஜி.எம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போகாதே என்று சொல்ல அவரிடம் காரணம் இருக்கவில்லை. போ என்றும் அவர் சொல்லவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு கம்பெனி வண்டிக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் தேன்கனிக்கோட்டை போய், அங்கே அடுத்த பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, அஞ்செட்டி போய்ச் சேர்ந்தபோது பந்தியும் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா கை நிறைய வளையலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"நீ வருவன்னு வாசலையே பாத்துக்கினு இருந்தன். நல்ல நேரம் போயிடும்னு எல்லாரும் போட்டுட்டாங்க," என்றாள்.

நான் பிளக்-இன் கதையைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். அவளுக்குப் புரியாது என்பதால் அல்ல. ஒரு படம் திறக்கவில்லை என்பதற்காக ஒருத்தி வர முடியாமல் போனாள் என்று சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருந்தது. கலந்த சாதத்தில் எனக்கென்று எடுத்து வைத்திருந்ததை அவள் தட்டில் போட்டு நகர்த்தினாள். புளிசாதம் ஆறி இறுகியிருந்தது. நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத பழக்கத்தில் இருந்தவள், அன்றைக்குச் சொம்பு சொம்பாகக் குடித்தேன்.

திங்கட்கிழமை திரும்பிப் போனேன். படங்கள் எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பூட்டு அப்படியேதான் இருந்தது. தமிழில் அறிவிப்பு அடிக்க வேண்டிய நாளில் வரைபடத்தை மூடுவேன், வரைபடம் வேண்டிய நாளில் தமிழை மூடுவேன். வெகுநாள் கழித்து பிளக்-இன்னின் புதிய பதிப்பு வந்த பிறகுதான் இரண்டும் ஒரே திரையில் இருக்கச் சம்மதித்தன.

அக்காவுக்குப் பெண் பிறந்த செய்தி ஒரு மத்தியானம் கம்பெனிக்கு போனில் வந்தது. லீவு கேட்க ஜி.எம். அறைக்குப் போய் நின்றேன். எத்தனை நாள் என்று மட்டும் கேட்டார். நான்கு நாள் என்றேன். தலையைத் தூக்காமலே, டூல் ரூமில் சொல்லிவிட்டுப் போ என்றார்.