றுக்கியாவின் கடலைச் சரை

கிண்ணியாத் துறையில் மிக்சர் விற்ற றுக்கியாவை நான் முதன்முதலாகப் பார்க்கப் போனது சண்டை பிடிக்கத்தான். அதை மறைத்து அவளைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அது 1998. யுத்த காலம், பாலமும் வராத காலம். கிண்ணியாவில் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்த என் கணவர் குணரத்தினம், தினமும் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் கடலேரியைக் கடந்து திருகோணமலை வீட்டுக்கு வருவார். ஆமிக்காரர் சோதித்து விடும்வரை துறையில் காத்து நிற்க வேண்டும். நிற்கும் நேரத்தில் றுக்கியாவிடம் தாளைச் சுருட்டிக் கட்டிய ஒரு சரை மிக்சர் வாங்கிக் கொறிப்பது அவருடைய பத்து வருடப் பழக்கம்.

பங்குனியில் அவருக்கு மாரடைப்பு வந்தது. தப்பியதே பெரிய காரியம். பொரித்தது எதுவும் கூடாது என்றார் டொக்டர். விசுக்கோத்துப் பெட்டியில் 'தாவர எண்ணெய்' என்று போட்டிருப்பதும் அனேகமாகப் பாம் எண்ணெய்தான், கூடாத கொழுப்பு அதில் அதிகம், திரும்பத் திரும்பக் காய்ச்சினால் இன்னும் கேடு என்றும் விளக்கினார். இன்னொரு முறை வந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்று அவர் கடைசியாகச் சொன்னதுதான் என் காதில் நின்றது.

கணவர் வேலைக்குத் திரும்பி இரண்டாம் வாரம், சட்டை தோய்க்கும்போது பையில் ஒரு கசங்கிய சரை அகப்பட்டது. பள்ளிக் கொப்பித் தாளில் சுற்றியது. எண்ணெய் ஊறி, ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கம் தெரிந்தது. கேட்டதற்குக் கடலை என்றார். வறுத்த கடலையில் எண்ணெய் எங்கிருந்து வருமாம்? மறுநாளும் சரை, மறுநாளும் எண்ணெய். எட்டு நாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒன்பதாம் நாள் நானே கிண்ணியாவுக்குப் பாதை ஏறிவிட்டேன்.

எண்ணெய் கொதிக்கும் தாச்சிக்கு முன்னால் புகையில் கண் சிவந்து இருந்தாள் றுக்கியா. நான் யாரென்று சொல்லி, வாயில் வந்ததெல்லாம் பேசினேன். அவள் பக்கத்துச் சட்டியிலிருந்து மணலில் வறுத்த கடலையை ஒரு சிரட்டையில் அள்ளினாள். மிக்சர் கிளறிய அதே கையால் ஒரு தாளை எடுத்துச் சுற்றினாள். என் கண்முன்னாலேயே அந்தத் தாளில் எண்ணெய் ஊறியது.

அவள் நீட்டிய சரையை வாங்கிக்கொண்டேன்.

"குணரத்தினம் சேர் கன நாள் வரல்ல. நெஞ்சு வருத்தமெண்டு பாதைக்காரர் சொன்னாங்க. என்ட எண்ணெயாலதானோ எண்டு எனக்குச் சரியான பயம், தங்கச்சி. இப்ப அவருக்கு மிக்சர் குடுக்கிறல்ல. கேட்டாலும் குடுக்கிறல்ல."

அவர் மிக்சர் கேட்டவரா என்றேன். முதல் நாள் மட்டும் என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். யுத்தத்தில் றோட்டுப் பூட்டி, தேங்காய் எண்ணெய் கிடைக்காமல் போனபோது பாம் எண்ணெய்க்கு மாறினாளாம். லேசில் பழுதாகாது என்பதால் பழைய எண்ணெயிலேயே புதியதை ஊற்றி வந்தாளாம். அவளுடைய கணவர் ஆதம்பாவா கப்பலில் வேலை செய்பவர். போன வருடம் மலேசியாப் பக்கம் போனபோது பகலிலேயே சூரியன் தெரியாத அளவுக்குப் புகையாம்; அந்த எண்ணெய் மரம் நடக் காட்டைக் கொளுத்துகிறார்கள் என்று கப்பலில் கதைத்தார்களாம். கேட்ட நாளிலிருந்து டின்னைத் திறக்கவே மனம் கூசுகிறதாம். ஆனால் கப்பல் காசு ஒழுங்காக வராதாம்; அடுப்பை நிறுத்தினால் வீட்டில் உலை வைக்க ஏலாது. குணரத்தினத்துக்கு நெஞ்சு வருத்தம் வந்த பிறகு பழைய எண்ணெயைச் சேர்ப்பதில்லை, கடலைச் சட்டியும் வைத்திருக்கிறாள்.

டொக்டர் சொல்லி நான் கேட்டேன். யாரும் சொல்லாமல் அவள் செய்திருந்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தபோது அழுகை முந்திவிட்டது.

"கையைக் கழுவிப்போட்டுச் சுத்துங்கோ, அக்கா," என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

அந்தச் சரையை வீட்டுக்குக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தேன். பிரித்து, பாதியை என் கையில் கொட்டினார்.

"இப்பவாவது நம்பிறீரோ?"

"ஓம்," என்றேன்.

மறுநாளிலிருந்து தாள் காய்ந்தபடி வந்தது. அவர் இன்னும் பதினாறு வருடம் உயிரோடு இருந்தார். தோய்க்கும் ஒவ்வொரு முறையும் பைக்குள் கைவிட்டுப் பார்ப்பேன். அந்தச் சட்டைகளைத் தோய்க்க எனக்குப் பதினாறு வருடம் தந்ததில் றுக்கியாவுக்கும் பங்கு உண்டு.