படகு இல்லாதவளுக்கு ஒரு மசோதா

எந்தக் கட்சி, எந்தத் தேர்தல் என்று கேட்காதீர்கள். சட்டமன்ற உறுப்பினர் ஒருவரிடம் பன்னிரண்டு ஆண்டு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மனு வாங்குவது, லெட்டர்பேடில் சிபாரிசுக் கடிதம் அடிப்பது, காதணி விழாப் பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்குவது, இவைதான் என் வேலை. சட்டத்துக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் பெரிய தொடர்பு இருந்ததில்லை.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் பசியாவரம் தேசம்மா.

1. மைக் கையில் இருந்தபோது

தேசம்மா பழவேற்காடு ஏரியில் மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைத் துழாவி, கையாலேயே இறால் பிடிப்பவர். ஒருநாள் கெளுத்தி மீனின் முள் குத்திச் சீழ் வைத்து, வலது கையில் ஒரு விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. மீன்வளத் துறையில் விபத்து நிவாரணம் கேட்டுப் போனால், "படகு கீதா? வலை கீதா? ரெண்டும் இல்லன்னா நீ மீனவரே இல்லம்மா" என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். விதியும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் உறுப்பினர் பசியாவரத்தில் கூட்டம் போட்டபோது, தேசம்மா அந்தக் கையை மேடைக்கு நேராக நீட்டினார்.

"முப்பது வருசமா ஏரில எறங்குறேன். மீனவர் இல்லன்னா நான் இன்னா, குளிக்கப் போறவளா? சொல்லு நைனா."

கூட்டம் சிரித்தது. உறுப்பினருக்கு வேர்த்தது. "இதுக்கு நானே சட்டம் கொண்டாறேன்!" என்று மைக்கில் முழங்கினார். கைதட்டல் அடங்கி, காரில் ஏறியதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா சுசீலா, சட்டம் எப்டிம்மா கொண்டார்றது?"

2. இரண்டு சொல்

அமைச்சராக இல்லாத உறுப்பினரும் மசோதா கொடுக்கலாம். தனி உறுப்பினர் மசோதா என்று அதற்குப் பெயர். முன்கூட்டியே நோட்டீஸ், மசோதாவின் நகல், எதற்காகக் கொண்டுவருகிறோம் என்ற விளக்கம், இவ்வளவும் வேண்டும். பழைய மசோதா ஒன்றைப் பார்த்து நானே டைப் அடித்தேன்.

செயலகத்தில் பிரிவு அலுவலர் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே தலையாட்டினார். "கஜானாவுலேர்ந்து செலவு வருது மேடம். ஆளுநர் பரிந்துரை இல்லாம எடுக்க முடியாது."

நிவாரணம் பற்றிய பிரிவை வெட்டினேன். மிஞ்சியது, மீனவர் யார் என்ற வரையறையில் ஒரே ஒரு திருத்தம். "படகு அல்லது வலை கொண்டு" என்பதற்குப் பின்னால் "அல்லது கையால்" என்று சேர்க்க வேண்டும்.

உறுப்பினர் முகம் சுளித்தார். "இன்னாம்மா, ரெண்டே வார்த்தைதான் கீது? இதுக்கு எவன் பொன்னாடை போடுவான்?"

3. யார் பெயர் மேலே?

மசோதா கொண்டுவர ஒருவர் போதும். ஆனால் தனியாக நிற்க எங்கள் உறுப்பினருக்கு உதறல். கூட ஆதரித்துக் கையெழுத்துப் போட நான்கு பேரைப் பிடிக்கச் சொல்லி, என்னை எம்.எல்.ஏ. விடுதிக்கு அனுப்பினார்.

முதலாமவர் மலைப்பக்கத்துக்காரர். "இறால்தானே? நமக்குப் பிடிக்கும்" என்று படிக்காமலே போட்டார். இரண்டாமவர் கவனமாகப் படித்தார், பெயர்களை மட்டும். "அவருக்குக் கீழயா என் பேரு? நான் மூணு தடவ ஜெயிச்சவன்மா." அகர வரிசையில் மாற்றி அடித்தேன். பெயர் கடைசிக்குப் போனவர் கோபித்துக்கொண்டார். நான்கு பெயரையும் ஒரே வரியில் அடித்தேன். இடது பக்கம் யார் என்று மறுபடியும் தகராறு. நான்காமவர், தன் ஊர்க் குளத்துக்கு ஒரு படித்துறையையும் மசோதாவில் சேர்க்கச் சொன்னார். அடுத்த கூட்டத்தொடரில் பார்க்கலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன்.

மசோதா செயலகத்துக்குப் போய்ச் சேரும் முன்பே போஸ்டர் வந்துவிட்டது. "இறால் காத்த இமயங்களே!" ஐந்து முகங்கள், நடுவில் ஒரு பெரிய இறால். தேசம்மா எங்கேயும் இல்லை.

4. திரும்பப் பெறுகிறேன்

அறிமுக நாளன்று தேசம்மாவையும் கூட்டிக்கொண்டு பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன். ஆதரித்த நால்வரில் மூவர் கேன்டீனில். ஒருவர் இருக்கையிலேயே தூக்கம். பெரிய எழுத்தில் நான் அடித்துக் கொடுத்ததை எங்கள் உறுப்பினர் ஒரே நிமிடத்தில் படித்து முடித்தார்.

மீன்வளத் துறை அமைச்சர் எழுந்தார். "உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டுகிறேன். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. விதியிலேயே சேர்க்க இந்த அரசு ஆவன செய்யும். எனவே உறுப்பினர் மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும்."

அவர் உட்காரும் முன்பே எங்களவர் எழுந்து கும்பிட்டு, நன்றி சொல்லி, திரும்பப் பெற்றுக்கொண்டார்.

"இன்னா யக்கா, ஜெயிச்சோமா தோத்தோமா?" என்றார் தேசம்மா.

"வாபஸ் வாங்கிட்டாரும்மா."

"இதுக்கா ஒரு நாள் தொழில வுட்டுட்டு வந்தேன்?"

திரும்பும்போது பொன்னேரி ரயிலில் அவர் என்னை விட்டு வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அத்தனை தாளையும் அடித்தவள் நான்தானே.

அவைக் குறிப்பு அச்சானதும் வாங்கிப் பார்த்தேன். "ஆவன செய்யும்" என்று அமைச்சர் சொன்னது எழுத்தில் இருந்தது. அவையில் அமைச்சர் கொடுக்கும் வாக்கைப் பின்தொடர உறுதிமொழிக் குழு என்று ஒன்று உண்டு. உறுப்பினரிடம் கேட்காமலே ஒரு மனு எழுதி, அந்தப் பக்கத்தின் நகலை இணைத்துப் பசியாவரத்துக்கு எடுத்துப் போனேன். இறால் பிடிக்கும் பெண்கள் வரிசையாகக் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். யார் பெயர் மேலே என்று ஒருவரும் கேட்கவில்லை.

குழு கேட்டது. துறை, "பரிசீலனையில் உள்ளது" என்றது. குழு மறுபடியும் கேட்டது. அதே பதில். மூன்றாம் முறை கேட்டபோது விதி திருத்தப்பட்டிருந்தது. "அல்லது கையால்."

தேசம்மாவுக்கு மீனவர் அட்டை கிடைத்தது. விபத்து நிவாரணம் கிடைக்கவில்லை. விரல் போனது விதி மாறுவதற்கு முன்பாம்.

"வெரலுக்கு ஒண்ணும் இல்ல, போவுது" என்றார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "இனிமே குத்துச்சுன்னா, மீனவர குத்துச்சுன்னு எழுதித்தான ஆவணும்?"

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். மசோதா கொடுக்கிற அன்றைக்கு எல்லோரும் கேமராவைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். வாபஸ் வாங்குகிற நிமிடத்தில் நீங்கள் பேனாவை மூடிவிடாதீர்கள். வாபஸ் வாங்க வைப்பதற்காக அமைச்சர் என்ன சொன்னார் என்பதை அப்போதுதான் எழுதிக்கொள்ள வேண்டும்.