எட்வின் கோத்த நாற்பது கம்பிகள்

எட்வின் இறந்துவிட்டார். இன்று காலை... மாரடைப்பு.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. அந்தக் குரூப்பில் வருவது எதையும் நான் விசாரிக்காமல் நம்புவதில்லை. அவர் மனைவி ஷீலாவுக்கே போன் செய்தேன். "ஆமாக்கா" என்றார். 

லோதி ரோடு ஆபீஸில் எனக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவர். நாகர்கோவில்காரர். வாரம் முழுக்க ஃபைல், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சக்கரம். ரிம், நடுவில் வரும் ஹப், கம்பி எல்லாம் தனித்தனியாக வாங்கி, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் பால்கனியில் உட்கார்ந்து கோப்பார். தொழில் இல்லை... பிடித்திருந்தது, செய்தார்.

என் கணவர் ரவிக்குப் பார்வை போனது உங்களில் பலருக்குத் தெரியும். அதன் பிறகுதான் டாண்டம் வாங்கினோம், இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள். நான் முன்னால், அவர் பின்னால்.

யார் கையையும் பிடிக்காமல் அவர் வேகமாகப் போக முடிந்த ஒரே இடம் அந்தப் பின் சீட்.

ஒரு நாள் துவாரகா மேம்பாலத்தில் இறங்கும்போது பின் சக்கரத்தில் 'டங்' என்று ஒரு கம்பி முறிந்தது. வண்டி ஆடியது. விழவில்லை. "என்ன சத்தம்?" என்றார் ரவி. "கல்லு" என்றேன்.

அந்த மாதத்தில் அது மூன்றாவது கம்பி. பிறகு இரண்டு மாதம் வண்டியை எடுக்கவில்லை. வெயில், புகை, முட்டிவலி... தினம் ஒரு காரணம். அவர் எதையும் நம்பவில்லை. எதையும் கேட்கவும் இல்லை.

லஞ்ச் நேரத்தில் எட்வினிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, மொத்த செக்‌ஷனும் கேட்கும்படி: "ரெண்டு பேருமா சேந்து எவ்வளவு வெயிட்டு இருப்பிய மேடம்?"

ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்துக் கொடுத்தேன்.

"என்ன மேடம், சீல் வச்ச டெண்டரா?"

நான் நெட்டில் ஒரு சக்கரம் பார்த்து வைத்திருந்தேன். லேசானது, கம்பி குறைவு, பார்க்க நன்றாக இருக்கும். போட்டோவைக் காட்டினேன். "போட்டோவுக்கு நல்லாத்தான் இருக்கு. ரெண்டு ஆளு உக்காரணும்லா? நாப்பது கம்பி, அகல ரிம்மு. அழகு வேண்டாம்" என்றார்.

முறிந்ததற்குக் காரணம் கம்பியின் தரம் இல்லையாம், தொய்வாம். தொய்வாகக் கிடக்கும் கம்பிதான் முறியுமாம். இறுக்கினால்தானே முறிய வேண்டும் என்று வாதாடினேன். எம்.எஸ்சி. ஃபிசிக்ஸ் படித்தவள் அல்லவா.

வீட்டுக்கு வந்து பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் தரைப் பக்கம் வரும் கம்பி தளர்ந்து மறுபடி இழுபடுகிறது. ஏற்கெனவே தொய்வாக இருந்தால் அசைந்து அசைந்தே முறியும். அவர் சொன்னது சரி. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

எட்வின் கோத்த சக்கரம் வந்தது. ரவி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிப் பார்த்தார். "வலது பக்கம் கணீர்னு இருக்கு. இடது பக்கம் பூரா டல்லா இருக்கே... லூஸா?"

தொய்வு என்றால் முறிவு, அதுதானே பாடம்? கம்பி முறுக்கும் சாவி எடுத்து இடது பக்க இருபது கம்பிகளையும் அரைச் சுற்று இறுக்கினேன். ரிம் ஒரு பக்கமாக நகர்ந்து பிரேக்கில் உரச ஆரம்பித்தது.

திங்கட்கிழமை சக்கரத்தை மெட்ரோவில் தூக்கிக்கொண்டு போனேன். "மேடம், பாக்கி சைக்கிள் கஹான் ஹை?" என்றார் செக்யூரிட்டிக்காரர். மீதி சைக்கிளைப் பற்றி விளக்கும் மனநிலையில் நான் இல்லை.

எட்வின் ஒரே பார்வை பார்த்தார். "யாரு முறுக்குனது?"

"நான்."

"சொன்னது?"

"அவர்."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பின் சக்கரத்தில் வலது பக்கம் கியர் இடத்தை அடைத்துக்கொள்வதால் அந்தப் பக்கக் கம்பிகள் கூடுதல் இறுக்கமாகத்தான் நிற்க வேண்டுமாம். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் ரிம் நடுவில் நிற்காது.

சரிசெய்து, அந்த ஞாயிறு அவரே எங்கள் ஃப்ளாட்டுக்குக் கொண்டுவந்தார். ரவியிடம் கொடுத்து, "சார், இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒப்பிடாதீங்க. ஒரே பக்கத்துல இருபதும் ஒண்ணுபோல கேக்கான்னு மட்டும் சொல்லுங்க."

"இடது பக்கம் ஒன்பதாவது, கொஞ்சம் இறங்கி இருக்கு."

எட்வின் கம்பியின் இறுக்கத்தை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தார். மீட்டரும் அதையே சொன்னது. "அச்சா..." என்று மட்டும் சொல்லிக் கால் சுற்று திருப்பினார். அதன் பிறகு எந்தச் சக்கரம் கோத்தாலும் போனில் கூப்பிட்டுக் கம்பியைச் சுண்டி, "சார், இது எப்படி?" என்பார். நம்பினார் என்று சொல்ல மாட்டேன், பிறகு மீட்டரும் வைப்பார். அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

அந்த ஞாயிறு, சக்கரத்தை மாட்டிய பிறகும் நான் ஓட்டத் தயங்கினேன். "மேடம், இன்னைக்கு நீங்க பின்னாடி உக்காருங்க, நான் ஓட்டுதேன்" என்றார். அதே மேம்பாலம். எனக்கு முன்னால் அவருடைய சட்டை முதுகு மட்டும். "கண்ண மூடிக்கிடுங்க, சார் எப்படிப் போறாருன்னு தெரியும்."

மூடவில்லை. மூடியதாகச் சொன்னேன்.

இறக்கத்தில் பாதியில்தான் மூடினேன். காற்று... கீழே சக்கரம் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்ததும் ரவியை ஏற்றிக்கொண்டு நானே அதே பாலத்தில் போனேன். அன்று முதல் இன்றுவரை ஒரு கம்பிகூட முறியவில்லை.

நாளை பதினோரு மணிக்கு அடக்கம். டாண்டத்தில்தான் போக வேண்டும் என்கிறார் ரவி. நானும் வேறு விதமாக யோசிக்கவில்லை. தூரம்தான், அதனால் சீக்கிரம் கிளம்புவோம்.

டயருக்குக் காற்று மட்டும் அடித்தால் போதும்.

வந்துகொண்டிருக்கிறோம், எட்வின்.