தங்கராசாவின் குரலை மாற்ற விடாத ஒடில்

ஒடில் இறந்துபோன செய்தி ஒரு வேலை நாளின் பிற்பகலில் எனக்கு வந்தது. பலெர்மோவில் நான் வேலை செய்யும் சிஞ்ஞோராவின் வீட்டில் மேசை விரிப்புகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் ஒருநாளும் என்னை அழைக்காத என் கணவர் தொலைபேசி எடுத்தார். "பாரிஸிலிருந்து மார்க் எடுத்தவர், செலின். ஒடில் மோசம் போயிட்டாவாம்" என்றார். மார்க், ஒடில் இங்கே இயக்கிய எங்கள் படத்தின் ஒலிப்பதிவாளர். புதுப் படமொன்றின் எடிட்டிங்கில் இருந்த ஒடில், கோப்பி போட எழுந்து போயிருக்கிறார். அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார்.

அன்று வேலை முடிந்ததும் சீசாப் பகுதிக்குப் போய், அந்தப் படத்தில் நடித்த தங்கராசா அண்ணையிடம் சொன்னேன். அவர் மாடிப்படி கழுவிக்கொண்டிருந்தார். தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு ஈரக் கையைத் துடைத்தார்.

"அந்த மனிசி என்னைப் பேசாத பேச்சில்லை, பிள்ளை. ஆனா ஒருநாளும் என்னைக் குறைச்சுக் கதைக்கேல்லை" என்றார்.

இதைவிடச் சுருக்கமாக ஒடிலைப் பற்றி யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் எழுதுகிறேன். படப்பிடிப்பில் மாடிப்படிகளில் ஏறி இறங்கித் தலை காட்டிய பலெர்மோத் தமிழர்களான உங்களுக்காகவும், அத்தனை பேருக்கும் இடியப்பம் அவித்துக் கொடுத்த உங்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அவருடைய குடும்பப் பெயரை எங்களில் ஒருவராலும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. ஒடில் என்றே இருக்கட்டும்.

நான் அவரை முதலில் கண்டது வியா மக்வேதா வீதியில், நம் ஆட்களின் மளிகைக் கடை ஒன்றில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வெயில் கொளுத்துகிறது. ஆண்கள் போடும் மழைக்கோட்டொன்றைப் போட்டுக்கொண்டு, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு சிறிய வெள்ளைக்காரப் பெண் கடைக்காரருடன் பிரெஞ்சில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் இத்தாலியனில் பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் விடுவதாக இல்லை. நான் பலெர்மோவுக்கு வருவதற்கு முன் சில வருடங்கள் பாரிஸில் அண்ணனுடன் இருந்தவள். இடையில் புகுந்து, என்ன வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"ஒன்றும் வேண்டாம். இவர் எப்படிக் கோபப்படுகிறார் என்று பார்க்க வந்தேன்" என்றார் ஒடில்.

அடுத்த நாளே நான் அவருடைய மொழிபெயர்ப்பாளர் ஆனேன். பிரெஞ்சுக்காரர்கள் விரும்பும், சிரிப்பும் துக்கமும் கலந்த வகைப் படங்களை எடுப்பவர் அவர். இங்கே எடுக்க வந்த படத்துக்கு 'சீசாவில் ஒரு வீடு' என்று பெயர் வைத்திருந்தார். கதை எளிமையானது. பாரிஸில் கணவனை இழந்த ஒரு பெண், அவன் தனக்குத் தெரியாமல் பலெர்மோவில் ஒரு வீடு வைத்திருந்ததை அறிந்து, அதை விற்க வருகிறாள். வீட்டுக்குள் ஒரு தமிழர் குடியிருக்கிறார். அவர் வீட்டை விட்டு எழும்ப மாட்டேன் என்கிறார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. மிச்சப் படம் முழுவதும் இந்தச் சண்டைதான்.

தமிழராக நடிக்கப் பாரிஸிலிருந்து ஒரு நடிகர் வந்திருந்தார். தமிழ் தெரியாதவர். வசனங்களை ஒலி ஒலியாகப் பாடமாக்கியிருந்தார். நல்ல மனிதர், கடுமையாக உழைத்தவர். முதல் நாள் கதவை மறித்து நின்றுகொண்டு, கண் சிவக்க, "நான் இந்த வடையை விடமாட்டன்!" என்று முழங்கினார்.

படியில் நிற்க வந்த ஆட்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர்தான் தங்கராசா அண்ணை. யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரர், ஐம்பது வயது, அந்தத் தெருவில் மாடிக் கட்டடங்கள் துப்புரவாக்குபவர். அடக்கப் பார்த்தார், முடியவில்லை, படியிலேயே இருந்துவிட்டார். ஒடில் படப்பிடிப்பை நிறுத்தி ஏன் என்று கேட்டார். வீடு வடையான கதையையும், வடை என்றால் என்ன என்பதையும் நான் விளக்கினேன். முதலில் ஒடில் சிரித்தார். பிறகு அந்த நடிகர் சிரித்தார். சிரித்து முடிந்ததும் நடிகரே சொன்னார்: "ஒடில், இந்த வேடத்தை அவருக்குக் கொடுங்கள். எனக்குப் படத்தில் வரும் வைத்தியர் வேடம் போதும்."

தங்கராசா அண்ணை உடனே ஒரு நல்ல நடிகராகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். படுமோசமாக நடித்தார். ஊரில் பார்த்த சினிமாக் கதாநாயகர்கள் எல்லாரும் அவருடைய கைகளில் புகுந்துகொண்டார்கள். நெஞ்சில் அடித்தார், விரலை நீட்டினார். ஒடில் கத்தாத கத்தலில்லை. "நடிக்க வேண்டாம்! அந்தப் பெண்ணை வெளியே போகச் சொல்லுங்கள், அவ்வளவுதான்!"

அண்ணை என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? புருசன் செத்து வந்து நிக்கிற மனிசி. வாசலிலை நிக்குது. இருங்கோ எண்டு சொல்லாமல் போ எண்டு சொல்லச் சொல்லுறா. வாயிலை வருகுதில்லை."

இதை நான் ஒடிலுக்குச் சொன்னேன். அவர் மழைக்கோட்டுப் பைகளுக்குள் கைகளை விட்டுக்கொண்டு, வாசலுக்கும் குசினி அடுப்புக்கும் இடையில் நடந்தார். பிறகு, "அவருக்கு வாயில் என்ன வருகிறதோ அதைச் சொல்லட்டும்" என்றார்.

கேமரா ஓடியது. கதாநாயகி வீட்டுப் பத்திரத்தை ஆட்டியபடி கத்திக்கொண்டு உள்ளே வந்தார். தங்கராசா அண்ணை எழுந்து, நல்ல கதிரையை இழுத்துப் போட்டார்.

"வாங்கோ அம்மா, இருங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ. சாப்பிட்டிட்டும் போங்கோ. வீட்டை மட்டும் கேளாதேங்கோ."

அந்த அம்மா இன்னும் பலமாகக் கத்தினார். அண்ணை இன்னும் பணிவாகத் தேநீரில் சீனி போட்டார். ஒடில் கேமராவின் பின்னால் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நின்றார். அன்று மாலை முழுக் கதையையும் மாற்றினார். உபசரித்தே ஒரு பெண்ணைத் தோற்கடிக்கும் மனிதனின் படமாக அது ஆனது. நீங்கள் பார்த்துச் சிரித்த படம் அன்றுதான் பிறந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு மீன் சாப்பிடப் போனோம். ஒடில் ஒரு கணவாயுடன் மல்லுக்கட்டிக்கொண்டு தன்னுடைய முந்திய படத்தைப் பற்றிச் சொன்னார். அது ஓடவே இல்லை. "அழ வேண்டிய இடத்தில் எல்லோரும் ஒழுங்காக அழுதார்கள்" என்றார். "அதனால்தான் அது கெட்ட படம். நான் அழச் சொல்லி ஒருவர் அழுதால் அந்தக் கண்ணீர் என்னுடையது. சிரித்துக்கொண்டிருக்கும்போது தானாக வந்தால் அது அவருடையது. என்னுடைய கண்ணீரை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?"

படத்தின் கடைசிக் காட்சியை எடுத்த நாள் எனக்கு மறக்காது. வீட்டை விற்பதில்லை என்று அந்தப் பெண் முடிவெடுத்துவிட்டாள். இருவரும் குசினி மேசையில் இருக்கிறார்கள். இது யாருடைய வீடு என்று அவள் கேட்கிறாள். 'உங்களுடையது' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் அண்ணையின் வேலை. அவர் சொல்லவில்லை. சுவரைக் கையால் தடவினார். பிறகு யன்னலுக்கு வெளியே, எங்கோ தூரத்தைக் காட்டினார்.

"எங்கட வீட்டிலை இப்ப ஆர் இருக்கினமோ தெரியாது, அம்மா. ஆர் இருந்தாலும் காரியமில்லை. பொழுதுபட ஒரு விளக்குக் கொளுத்தினால் போதும்."

போர் நடந்த அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்து அவருக்கு ஒரு செய்தியும் வந்திருக்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று ஒடில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன், பிரெஞ்சு வரவில்லை. ஒடில் என் முகத்தைப் பார்த்தார். "இப்போது சொல்லாதே. எனக்கும் மொழி தெரியாமலே இது விளங்குகிறதா என்று பார்க்கிறேன்" என்றார். அந்தக் காட்சியை இரண்டாம் முறை எடுக்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு அவர் தனியாகப் பலெர்மோவுக்கு வந்து என் வீட்டுக் குசினியில் இருந்தார். முகம் கறுத்திருந்தது. இத்தாலியில் வெளிநாட்டுப் படம் என்றால் எல்லாக் குரல்களையும் அழித்துவிட்டு இத்தாலியக் குரல் போடுவது வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். படத்தை இங்கே வெளியிடவிருந்தவர் தங்கராசா அண்ணையின் குரலையும் அழிக்கப்போகிறாராம். வேறு ஒருவர், கேட்பவர் சிரிக்கும்படி, உடைந்த இத்தாலியனில் பேசுவாராம். கடைசிக் காட்சிக்கு வசனமும் தயாராக இருந்தது: "வீடு உன்னது, சிஞ்ஞோரா. நான் துடைக்கிறது மட்டும்." உரிமை அந்த வெளியீட்டாளரிடம் இருந்தது. ஒடிலால் தடுக்க முடியாது.

"தமிழை அப்படியே விட்டால் சனம் எழுந்து போய்விடுமாம்" என்றார் ஒடில். "ஒரு சவால் விட்டிருக்கிறேன். சீசாவில், சிசிலிக்காரர்களுக்கு முன்னால் போட்டுக் காட்டுகிறேன். அவர்களுக்கு விளங்காவிட்டால் அவர் சொல்வதுபோல் செய்யட்டும், நான் வாய் திறக்க மாட்டேன்."

எங்கள் பங்குக் கோவிலின் மண்டபத்தில் ஒரு பிற்பகல் போட்டோம். தமிழர்கள் வரக்கூடாது என்பது நிபந்தனை. நீங்கள் சிரித்துக் காட்டிக் கொடுத்துவிடுவீர்களாம். தங்கராசா அண்ணையும் நானும் மட்டும் விதிவிலக்கு. மண்டபம் நிறையச் சீசாவின் கடைக்காரர்களும் தாய்மாரும் இருந்தார்கள். பிரெஞ்சு வசனங்களை நான் மைக்கில் இத்தாலியனில் சொல்ல வேண்டும். தமிழ் வரும்போது வாய் திறக்கக் கூடாது. வெளியீட்டாளர் பின்வரிசையில் இருந்தார். அண்ணை மேற்கோட்டுப் போட்டுக்கொண்டு, குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்குக் காத்திருப்பவரைப்போல நிமிர்ந்து இருந்தார்.

"வாங்கோ அம்மா, இருங்கோ" வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு வியர்த்தது. திரையில் அண்ணை கதிரையை இழுத்துப் போட்டார். கதாநாயகி கத்தினார். சீனி போடும் கரண்டி சுற்றியது. முன்வரிசையில் ஒரு மீன்காரர் தொடையில் தட்டிச் சிரிக்கத் தொடங்கினார். அதன் பிறகு என் மைக்குச் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. அண்ணை சுவரைத் தடவினார், யன்னலைக் காட்டினார், பேசினார். மண்டபம் அசையவில்லை. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். ஒடிலின் கை வந்து மைக்கை மூடியது.

படம் எடுத்த வீட்டுக்கு எதிர் பல்கனியிலிருந்து எங்களைத் தினமும் ஏசிய கிழவி ஒருத்தியும் வந்திருந்தாள். இருட்டுக்குள் அவள் பக்கத்திலிருந்தவளிடம் சிசிலியனில் சொன்னது மண்டபத்துக்கே கேட்டது: "பாவம்டி! அந்த மனுசன்ர வீட்டை ஆரோ எடுத்துப்போட்டாங்கள்."

விளக்குப் போட்டபோது பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள், மீதிப் பேர் இன்னும் சிரித்தார்கள். வெளியீட்டாளர் எழுந்து வந்து, "தமிழைத் தொட மாட்டோம்" என்றார். ஒடில் ஒரு பிரெஞ்சு வார்த்தையைக் கத்தினார். அதை நான் இங்கே எழுத முடியாது; பங்குச் சுவாமி கேளாததுபோல் நின்றார். பிறகு ஒடில் தங்கராசா அண்ணையைக் கட்டிப்பிடித்தார். அண்ணை கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

வெளியே படிக்கட்டில் வைத்து ஒடில் என்னைக் கேட்டார். "இப்போது சொல். அவர் என்ன சொன்னார்?" சொன்னேன். "நான் எழுதியிருந்தால் கெடுத்திருப்பேன்" என்றார்.

படம் வெளியான வியாழக்கிழமையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேலை வீடுகளில் ஓய்வு கிடைக்கும் பிற்பகல். வியா மக்வேதாவுக்கு அருகிலிருந்த அந்தத் தியேட்டர் வாசலில் பட்டுச் சேலைகளும் மேற்கோட்டுகளுமாக நின்றோம். சீசாவின் கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். திரையில் அண்ணை "இருங்கோ" என்றதும் பின்னாலிருந்து உங்களில் யாரோ "இருக்கிறம், அண்ணை!" என்று கத்தினார். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. எழுந்து கதிரைமேல் நின்று, "மம்மா, சினிமா தமிழ் கதைக்குது!" என்றாள். ஒடில் இந்த இரண்டையும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, தான் வாழ்நாளில் பெற்ற நல்ல விமர்சனங்கள் இவைதான் என்றார். அந்த மீன்காரர் இன்றைக்கும் அண்ணையைக் கண்டால் "வாங்கோ!" என்றுதான் கூப்பிடுகிறார்.

ஒடிலிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று இந்த நாட்களில் யோசித்தேன். இந்த ஊருக்கு வந்த காலத்தில் நாங்கள் பஸ்ஸில் தமிழ் கதைப்பது தாழ்ந்த குரலில். பக்கத்திலிருப்பவர் முகம் சுளிப்பாரோ என்று பாதிச் சொல்லை விழுங்கிவிடுவோம். அந்தப் பயத்தை அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் குரலை எனக்கு விட்டுவிட்டுப் போனார்.

நேற்று நெருக்கமான பஸ்ஸில் என் மகள் பின்கதவருகே மாட்டிக்கொண்டாள். நான் முன்னால் நின்றேன். "பிள்ளை, அடுத்ததிலை இறங்கிறம், வா!" என்று பஸ் முழுவதும் கேட்கக் கூப்பிட்டேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேன்.