ஒசாக்காவில் வாங்கிய தாமரை உறை

சுகந்தி விலை பேசத் தொடங்கினால், சுவிஸில் லுசேர்ண் நகரத்தின் தலைக்குமேல் நிற்கிற பிலாத்துஸ் மலையைக்கூடப் பாதி விலைக்கு இறக்கி, "பை சும்மாதானே தருவியள்?" என்றும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். சரி, மலை என்றது கொஞ்சம் கூடித்தான் போச்சு. மலைக்குப் போகிற ரெயிலின் ரிக்கற் என்று வைத்துக்கொள்ளுங்கோ. ஆனால் 'அக்சியோன்' என்று சிவப்புத் துண்டு ஒட்டி விலை குறைக்கிற சாமான் எந்தக் கடையில் எந்தத் தட்டில் இருக்கும் என்பது கடைக்காரனுக்கு முதல் இவளுக்குத் தெரியும். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

மலிவாக வாங்குவதில் அவளுக்கு வெட்கமில்லை. ஏரிக்கரை ஹொட்டேல் ஒன்றின் குசினியில் விடிய எழும்பிப் போய் முட்டை பொரித்து, பாண் அடுக்கி, மகளைப் படிப்பித்து, ஊரில் இருந்த தாய்க்கும் அனுப்பின கை அது. மலிவாக வாங்கினது மற்றவைக்குத் தெரிந்துவிடுவதில்தான் அவளுக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்கு ஒரு பெயரும் உண்டு: சிவமலர் மச்சாள்.

சிவமலர் வேறு யாருமில்லை, சுகந்தியின் புருசன் தயாபரனின் அக்கா. எது கைக்கு வந்தாலும் முதல் வேலையாகக் கவிழ்த்து அடியைப் பார்ப்பா. பக்கத்து ஊரான கிறீன்ஸில் அவ புது வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று சுகந்தி கொண்டுபோன கண்ணாடிச் சாடியையும் அப்படித்தான் கவிழ்த்தா. அடியில் சிவப்புத் துண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது: பாதி விலை.

"சுகந்தி, பாதிச் சாடி இஞ்சை இருக்கு. மற்றப் பாதி எங்கையடி?" என்று கேட்டா சிவமலர். ஐயர் உட்பட வீடே சிரித்தது. சுகந்தியும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இந்தக் காயத்தோடுதான் அவள் ஜப்பானுக்கு, ஒசாக்காவுக்கு விமானம் ஏறினாள். மகள் ரிஷானி காப்புறுதிக் கொம்பனியில் நல்ல வேலை. "அம்மா, முட்டையையே பாத்துக்கொண்டு இருந்தது காணும். ஒருக்கா உலகத்தையும் பாருங்கோ" என்று கூட்டிக்கொண்டு போனாள். சுகந்தி உலகத்தைப் பார்த்தாள்தான். ஆனால் ஒரு கண் மட்டும்தான் உலகத்தில். மற்றக் கண் கடைகளில். போய் வந்தால் வீட்டுக்கு வீடு ஏதாவது கொடுக்கவேண்டும். கோட்டையைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு விசிறி எடுத்தாள். விலையைப் பார்த்ததும் அந்த விசிறியாலேயே விசிறவேண்டி வந்தது. சாப்பாட்டுக் குச்சிகளைத் தொட்டாள். 'சோத்துக்கு இனிக் குச்சியே, கை விழுந்திட்டுதோ?' என்று மச்சாள் கேட்பது காதிலேயே கேட்டது. பீங்கான் பூனை ஒன்று கை தூக்கிக் கூப்பிட்டது. அதன் அடியில் விலை ஒட்டியிருந்தது. வைத்துவிட்டாள்.

கடைசியில், கூரை போட்ட நீளக் கடைத்தெரு ஒன்றில், எல்லாம் நூறு யென் என்கிற கடை அவளுக்குக் கிடைத்தது. மூன்று மாடி! ரிஷானி கால் நோகுது என்று எதிரே கோப்பி குடிக்கப் போய்விட்டாள். சுகந்தி கோயிலுக்குள் நுழைகிறவள்போல நுழைந்தாள். இரண்டாம் மாடியில், காகிதச் சாமான்கள் தொங்கின பக்கத்தில், அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

காசு வைக்கிற உறைகள். பால்போன்ற தடித்த கடுதாசி. அதில் தடவினால் விரலுக்குத் தெரிகிற மாதிரி ஒரு தாமரைப்பூ. குறுக்கே மஞ்சளும் வெள்ளையுமாக முறுக்கிய நூல், அழகான முடிச்சு. நடுவில் தூரிகையால் எழுதினமாதிரி ஏதோ ஜப்பான் எழுத்து. தாமரை, மகாலட்சுமி இருக்கிற பூ. மஞ்சள் நூலுக்கு விளக்கம் வேறு வேணுமோ? ஆனியில் சிவமலரின் மகள் வேணுகாவுக்குக் கலியாணம். எல்லா வீட்டுக்கும் அன்பளிப்பு வைக்க உறை தேவை. எல்லாவற்றையும்விட, உறையைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒன்றுமில்லை. விலை வெளி மட்டையில்தான். மட்டையைக் கிழித்து எறிந்தால் இது எந்தக் கடையில் பிறந்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

தொங்கினது அத்தனையையும் கழற்றிக் கூடையில் போட்டாள்.

காசு கட்டுகிற இடத்தில்தான் ஒரு புதுமை நடந்தது. வரிசையில் முன்னால் நின்ற வயசான அம்மா ஒருத்தி கூடையைப் பார்த்தா, சுகந்தியின் முகத்தைப் பார்த்தா, ஒன்றும் பேசாமல் விலகித் தன் இடத்தை விட்டுக்கொடுத்தா. போதாததுக்குச் சுகந்தியின் கையை மெல்லத் தடவியும் விட்டா. காசாளர் பிள்ளை உறைகளை இரண்டு கையாலும் ஏந்தித் தந்து, இடுப்பு மடியக் குனிந்தது.

"என்ன மரியாதையான சனம் பிள்ளை!" என்று வெளியில் வந்து ரிஷானிக்குச் சொன்னாள். "தமிழ்ச் சனம் எண்டு தெரிஞ்சிருக்குமோ?"

"என்ன அம்மா வாங்கினீங்கள்?"

"ஒண்டுமில்லை, கடுதாசி." நூறு யென் கடை என்றால் மகளும் சிரிப்பாள் என்று பையைக் கக்கத்துக்குள் ஒளித்துக்கொண்டாள். ரிஷானி அப்போது கைபேசியால் ஒருதரம் அந்த எழுத்தைப் படம்பிடித்து மொழிபெயர்த்திருந்தால், இந்தக் கதை இந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

லுசேர்ணுக்கு வந்ததும் சுகந்தி கதை கட்டினாள். கோயிலடியில் அறுநூறு வருசக் கடையாம். ஒரு கிழவர் மட்டும் இருந்து செய்கிறாராம். குளித்து, நோன்பிருந்துதான் முடிச்சுப் போடுவாராம். சிவமலர் உறையை வாங்கினா. கவிழ்த்தா. அடியைப் பார்த்தா. முடிச்சுக்குக் கீழேயும் பார்த்தா. ஒன்றுமில்லை.

"நல்லாத்தான் கிடக்கு" என்றா. அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல்! "இன்னும் இருக்கே? மாப்பிள்ளை பகுதிக்கும் குடுப்பம். எல்லாரும் ஒரே மாதிரி உறையோடை வந்தால் வடிவாயிருக்கும்."

அன்றிரவு சுகந்தி, அந்தப் பாதி விலைச் சாடி உடைந்த சத்தம் கேட்டவள்போல நிம்மதியாக நித்திரை கொண்டாள்.

கலியாணம் பக்கத்து ஊரான எம்மன்புறூக்கவில் ஒரு மண்டபத்தில். வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றது சுகந்திதான். பக்கத்து மேசையில் அன்பளிப்புப் பெட்டி. சும்மா பெட்டியல்ல; மரத்தால் செய்த குட்டி மலைவீடு, பல்கனியில் பூச்சாடிகூட உண்டு. புகைபோக்கி வழியாக உறையைப் போடவேண்டும். வந்த சனமெல்லாம் தாமரை உறையைப் புகைபோக்கிக்குள் போடப் போட, சுகந்தி அரையங்குலம் அரையங்குலமாக உயர்ந்துகொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை கிஷோபன் பாசல் நகரில் மருந்து ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. அவனோடு வேலைசெய்கிற அயாக்கோ என்ற ஜப்பான் பெண்ணும் வந்தாள். சிரித்துக்கொண்டு வந்தவள், முன்னால் போனவரின் கையைப் பார்த்தாள், பின்னால் வந்தவரின் கையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. சுகந்திக்குக் கிட்ட வந்து, தணிந்த குரலில் ஜெர்மனில் கேட்டாள்:

"மன்னிக்கவேண்டும். நான் மண்டபம் மாறி வந்துவிட்டேனா? இங்கே யார் இறந்துபோனது?"

"என்னது?"

"இந்த உறை... எங்கள் நாட்டில் இறந்தவர் வீட்டுக்குக் காசு வைத்துக் கொண்டுபோகிற உறை. மஞ்சள் வெள்ளை நூலை ஒசாக்காப் பக்கத்தில் நினைவுச் சடங்குக்குக் கட்டுவார்கள். நடுவில் எழுதியிருப்பதும் அதைத்தான்."

சுகந்தியின் கையில் பன்னீர்ச் செம்பு சரிந்து சேலையை நனைத்தது. கையைத் தடவிவிட்ட அந்த வயசான அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. அது மரியாதையில்லை. இரக்கம். இத்தனை உறை வாங்குகிறாளே, பாவம், வீட்டில் எத்தனை சாவோ என்ற இரக்கம்.

"பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்று தமிழில் சொல்லி, பிறகு நினைவுவந்து ஜெர்மனில் சொன்னாள். கலியாணப் பிள்ளையின் தலையில் செத்தவீட்டு உறையைக் கட்டிவிட்டாளே! வேணுகா பிறந்தபோது முதல் தண்ணீர் வார்த்த கை இது. உறைகளை எடுக்கவேண்டும். வேணுகா தொடமுதல், யாரும் விளங்கிக்கொள்ளமுதல், எடுக்கவேண்டும்.

கெட்டிமேளம் முழங்கினது. எல்லோரும் அட்சதையோடு மணவறையைப் பார்த்து எழும்பினார்கள். சுகந்தி மேசைக்குப் போனாள். புகைபோக்கிக்குள் கையை விட்டாள். உள்ளே போன கை, உறைகளைப் பிடித்த கை, வெளியில் வர மறுத்தது. காப்புகள் உள்விளிம்பில் கொழுவிக்கொண்டன. இழுத்தாள். வீடே கூட வந்தது.

அந்த நேரம்பார்த்து வீடியோக்காரன், தாலி கட்டியாச்சு, இனிச் சபையின் மகிழ்ச்சியைக் காட்டுவோம் என்று கமராவைத் திருப்பினான். மணவறைக்குப் பக்கத்தில் சுவர் அளவு திரை. அதில், மண்டபம் முழுக்கப் பார்க்க, அன்பளிப்புப் பெட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டுக்கொண்டு நின்றாள் சுகந்தி.

நாதஸ்வரக்காரர்கூட வாயை எடுத்துவிட்டார். யாரோ ஒரு பெண், "தயாபரன்ரை மனிசியெல்லோ அது?" என்றது கல்லெறிபோல வந்து விழுந்தது. சுகந்திக்குத் தலைக்குள் இரண்டே வழிதான் தெரிந்தது. வாயைத் திறந்தால் கலியாணவீடு செத்தவீடாகும். திறக்காவிட்டால் இவள் கள்ளி. தயாபரன் தலை குனிந்து நின்றதைப் பார்த்தாள். ரிஷானி வாயைப் பொத்திக்கொண்டதையும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

சிவமலர் மணவறையிலிருந்து இறங்கி, பட்டுச்சேலை சரசரக்க வந்தா. பெட்டியைப் பார்த்தா, கையைப் பார்த்தா. பிறகு சபையைத் திரும்பிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னா:

"என்ன எல்லாரும் பாக்கிறியள்? என்ரை மோதிரம் உள்ளுக்கை விழுந்திட்டுது. மச்சாளைத்தான் எடுக்கச் சொன்னனான். மேளத்தை அடியுங்கோ!"

மேளம் அடித்தது. பெட்டியின் ஒரு பக்கத்தைச் சிவமலர் தாங்க, மற்றப் பக்கம் சுகந்தியின் கையிலேயே தொங்க, இருவரும் மண்டபத்தின் நடுவால் குசினிக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்குப் போனார்கள். கள்ளி என்று பார்த்த பார்வைகளைவிட, மச்சாள் சொன்ன அந்தப் பொய்தான் சுகந்தியைக் கூடுதலாகச் சுட்டது. யாருக்குப் பயந்து இவ்வளவும் செய்தாளோ, அந்த ஆள் வந்து காப்பாற்றிவிட்டதே!

ரிஷானியும் ஓடி வந்தாள். சிவமலர் கதவைச் சாத்தினா.

"இப்ப சொல்லு. என்ன இது?"

"களவெண்டே நினையுங்கோ மச்சாள். இண்டைக்கு மட்டும் ஒண்டும் கேளாதேங்கோ."

"உனக்கு விசரே? நீ களவெடுக்கிற ஆளெண்டால் இவ்வளவு காலம் முட்டையே பொரிப்பாய்?"

கதவு தட்டுப்பட்டது. அயாக்கோ. தான் கேட்டதால்தான் இவ்வளவும் வந்தது என்று கண் கலங்கக் குனிந்தாள். ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னாள். சிவமலருக்கும் ஜெர்மன் நன்றாக விளங்கும். கேட்டுக்கொண்டே போய் ஒரு கதிரையில் இருந்தா.

"அறுநூறு வருசக் கடை?" என்றா கடைசியில்.

சுகந்தி நிலத்தைப் பார்த்தாள். "நூறு யென் கடை, மச்சாள்."

"நோன்பிருந்த கிழவர்?"

"ஒருத்தருமில்லை. கொக்கியிலை தொங்கினது. ஒரு கட்டு அறுபது ராப்பனும் வராது, அரைப் பிராங் மட்டிலைதான்."

ரிஷானி, "அம்மா..." என்று இழுத்தாள். மண்டபத்தில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. சிவமலர் இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து மலைவீட்டின் பின்கதவைத் திறந்து, கொழுவின காப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினா. சிவந்த கையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னா:

"மாப்பிள்ளையின்ரை தாய்க்கு நான் உறை ஒண்டு முப்பது பிராங் எண்டு சொல்லிப்போட்டன். நான்தான் ஜப்பானிலை சொல்லிச் செய்விச்சனான் எண்டும் சொல்லிப்போட்டன்."

பிறகு மண்டபக் காவலாளியிடம் சாதாரண வெள்ளை உறைகள் வாங்கிவந்து, நாலு பேரும் மேசையைச் சுற்றி இருந்து, ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் வைத்து, பெயர்களைப் பார்த்து எழுதினார்கள். தாமரைகள் எல்லாம் ஒரு பக்கத்தில் குவிந்தன. அவற்றைத் தொடவே சுகந்திக்குக் கை கூசினது.

"எல்லாம் என்ரை காசாசையாலை வந்த வினை, மச்சாள்" என்றாள். "காசைப் பாராமல் நல்ல கடை ஒண்டுக்குப் போயிருந்தால் கலியாண உறை கிடைச்சிருக்கும். மலிஞ்ச காசுக்குச் செத்தவீட்டு உறைதானே தருவாங்கள்."

அம்மா என்ன சொல்லுறா என்று அயாக்கோ கேட்டாள். ரிஷானி மொழிபெயர்த்தாள். அயாக்கோ பேனையை வைத்துவிட்டு, அவசரமாகத் தலையாட்டினாள்.

"இல்லை, அம்மா. கலியாண உறையும் அதே கடையில்தான் இருக்கும். சிவப்பும் பொன்னுமாக, பக்கத்துக் கொக்கியில். அதுவும் நூறு யென்தான்."