சாலையாக்கிய வாய்க்கால்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில், விற்கப்பட்ட வயல்களின்மேல் பன்னிரண்டு வீடுகள் எழுந்தபோது நாங்களும் அங்கே குடியேறினோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. எங்களுள் எவரும் உழவர் அல்லர். இரயில்வே எழுத்தர், மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற நில அளவையர், பள்ளியில் தமிழ் கற்பித்த நான் என்று அனைவரும் காகிதத்தை நம்பிப் பிழைத்தவர்கள். வந்த மூன்றாம் மாதமே சங்கம் ஒன்று அமைத்தோம். அளவையர் தலைவர், நான் செயலாளன். எவர் வீட்டிலேனும் சுக்குக் காப்பி மணம் எழுந்தால் அதுவே கூட்டத்துக்கு அழைப்பு.

அக்கோடையில் நாங்கள் செய்த பெருஞ்செயல், சாலை. வீடுகளின் முன்னே புல் மண்டிய நீண்ட பள்ளம் ஒன்று கிடந்தது. வண்டிகள் அதில் சாய்ந்தன. பழைய வண்டித்தடம் என்று அளவையர் தீர்ப்புக் கூறினார். மாவட்டத்தில் பாதியை அளந்தவர் சொல்லை யார் மறுப்பது? ஞாயிறுதோறும் ஆடவரும் பெண்டிரும் கூடை கூடையாகச் சரள்மண் சுமந்து அதைத் தூர்த்தோம். பணி முடிந்த நாளில் இரு முனையிலும் வாழை கட்டினோம்.

ஆனியில் சாரல் தொடங்கியது. அருவியில் குளிக்க விரும்பிய உறவினர் அனைவருக்கும் எங்கள் நினைவு ஒருசேர வந்தது. எங்கள் வீட்டில் மட்டும் ஒன்பது பேர். ஒருநாள் காலையில், தெருவின் மேற்கு முனையில், அளவையர் வீட்டுப் படிவரை தண்ணீர் தேங்கி நின்றது. அதைச் சுற்றி நாங்கள் வியந்து நிற்கையில், மண்வெட்டியுடன் ஓர் அம்மையார் வந்தார். தெருவுக்குக் கீழே எஞ்சியிருந்த ஒரே வயலைக் குத்தகைக்கு உழுபவர். மகளின் பேறுகாலத்துக்காகக் கடையம் சென்று, கோடை முழுவதும் அங்கே தங்கித் திரும்பியிருந்தார்.

"அண்ணாச்சி, எங்க வாய்க்கால எங்கன கொண்டு வச்சிருக்கிய?"

"வாய்க்காலா? இங்கன வெறும் பள்ளம்லா கெடந்துச்சு" என்றார் அளவையர்.

"சித்திரையில பள்ளமாத்தான் கெடக்கும். பின்ன, தண்ணி பாய் விரிச்சுப் படுத்திருக்குமா?"

"மனைப் படத்துல வாய்க்காலே கெடையாதே, தாயி."

"படத்தத் தண்ணிகிட்ட காட்டுங்க. படிச்சிட்டுத் திரும்பிப் போவுதான்னு பாப்போம்."

மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். அம்மையார் சிரிக்கவில்லை. குரல் தாழ்ந்தது. "கடையத்துல மக வீட்டுக் கெணத்தடியில வெதச்சுக் கொண்டாந்த நாத்து, முப்பது நாளாச்சு. நாலு நாள்ல நடலேன்னா அம்புட்டும் மாட்டுக்குத்தான். இந்தப் பூ வெள்ளாமை வெளையலேன்னா, வயக்காரரு இதையும் மனை போட்டுருவாரு. பொறவு நான் எதை உழ?"

கூட்டம் கூட்டிப் பேசலாம் என்று நான் தொடங்கினேன். அளவையர் என்னைப் பார்க்கவில்லை. தாம் போட்ட சாலையை ஒருமுறை நோக்கிவிட்டு உள்ளே சென்றார். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் மண்வெட்டியுடன் வந்தார்.

"வே வாத்தியாரே, தீர்மானத்தப் பொறவு எழுதிக்கிடும். இப்பம் கூடையை எடும்."

முதல் வெட்டு அவருடையது. அருவிக்குப் புறப்பட்டிருந்த விருந்தினரும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினர். பல ஞாயிறுகளில் கொட்டிய சரளை ஒரே பகலில் அள்ளி எறிந்தோம். மாலையில் நீர் கலங்கி அசைந்து, பன்னிரண்டு வாசல்களையும் கடந்து, கீழ்நோக்கி நடந்தது. அம்மையார் அதனோடு நடந்தார். அவர் பின்னே தெருவே நடந்தது. வயலின் மடையை அவர் வெட்டிவிட்டதும் நீர் உள்ளே பரந்தது.

மறுநாள், வயலைச் சேறாக்கும் தொழி உழவு. அதற்கு மறுநாள் நடுகை. ஆள் போதாமையால் எங்கள் வீட்டுப் பெண்டிரும் சேற்றில் இறங்கினர். என் மனைவி நட்டதைப் பார்த்து அம்மையார் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏட்டி, நாத்த நடுதியா, பொதைக்கியா?"

ஆழ நட்ட நாற்றுகள் சில நாள் பிந்தியே பச்சை பிடித்தன, ஆயினும் பிடித்தன. புரட்டாசியில் அவ்வயல் அறுப்புக் கண்டது. அடுத்த பூவுக்கும் அவரே உழுதார்.