அடைத்து வைத்த ஜன்னல்

நம்பினால் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. வால்டெனாவ் அரண்மனையில் இது நடந்தபோது அந்த அறையில் இருந்தவள் நான்.

என் எஜமானி யூலியானே அம்மாள். புருஷன் செத்த பிறகு, மகன் மோரிட்ஸ் சிறு பிள்ளை என்பதால், அவன் பேரில் பதினோரு வருஷம் அந்தச் சிற்றரசை ஆண்டவள். இப்போது அவனுக்கு வயது வந்துவிட்டது. முத்திரை மோதிரத்தை அவள் தன் கையால் அவன் விரலில் போட வேண்டும். அதற்குள் அவள் கண்ணை மூடினால் ஆட்சி கொழுந்தன் எபர்ஹார்ட் கைக்குப் போய்விடும். மோரிட்ஸோ வியன்னாவிலிருந்து பனியில் வந்துகொண்டிருந்தான்.

சனிக்கிழமை அவளுக்கு அனலாய்க் காய்ச்சல். ஞாயிறு காலை போய்ப் பார்த்தால், எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாடா, தப்பித்தாள் என்று நினைத்தேன்.

"ஜன்னல் இடுக்கெல்லாம் காஞ்ச மரப்பாசி வெச்சு அடைடி, வால்புர்கா. என் மகன் வர்ற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது."

"சரிம்மா. கணப்புல விறகு போடட்டா?"

"வேண்டாம். அணைச்சிரு."

குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைக்கச் சொல்பவள் கணப்பை ஏன் அணைக்கச் சொல்கிறாள்? நான் கேட்கவில்லை. பாதி ராத்திரி வரை கண் விழித்த அலுப்பு எனக்கு.

கோழி சூப் வைத்தேன். ஆடை கட்டி அப்படியே இருந்தது. அவள் காலடியை விட்டு நகராத நாய், வாசலிலேயே நின்று முனகியது...

செவ்வாயன்று எபர்ஹார்ட் வந்தான்.

"அண்ணி, நீங்க பொழைக்க மாட்டீங்கன்னு ஊரே பேசுது."

"ஊரா பேசுது? நீ பேசுற."

அவள் கையைப் பிடித்து முத்தமிடக் குனிந்தவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"என்ன இவ்வளவு ஜில்லுனு..."

"உனக்குக் குடுக்க எங்கிட்ட சூடு மிச்சமில்ல, தம்பி. போயிட்டு வா."

அவன் போனதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. அந்தக் குளிரில் அவன் பேசினாலும் நான் பேசினாலும் வாயிலிருந்து புகை வந்தது. அவள் பேசியபோது வரவில்லை.

"அம்மா... கொஞ்சம் படுங்களேன்."

"படுத்தா எந்திரிக்க மாட்டேன்டி. ரொம்ப அசதியா இருக்கு."

பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

புதன் மதியம். முற்றத்தில் குளம்புச் சத்தம். டக்... டக்... டக்...

மோரிட்ஸ் ஓடி வந்து மண்டியிட்டான். அவள் விரல் மடங்கவில்லை. மோதிரத்தை இழுத்துக் கழற்றியது நான். அவன் விரலில் போட்டது அவள்.

"இப்பத் திறடி."

பாசியைப் பிடுங்கினேன். ஜன்னலைத் தள்ளினேன்.

காற்று உள்ளே வரவில்லை.

என்னை உரசிக்கொண்டு... வெளியே போனது.

திரும்பினேன். அவள் தலை சாய்ந்திருந்தது.

உடம்பைக் குளிப்பாட்ட வந்த பேர்பல் முதுகைப் புரட்டி, அங்கே உறைந்து கறுத்திருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு என்னை முறைத்தாள்.

"இன்னிக்குப் போன உடம்பா இது? சனிக்கிழமை ராத்திரியே செத்திருக்கா. உயிர் போனா மொதல்ல ஜன்னலைத் திறக்கணும்னு தெரியாதாடி? திறக்கலேன்னா ஆவி எந்த வழியாப் போகும்?"

"அவங்கதான் அடைக்கச் சொன்னாங்க."

"எப்ப?"

விரல் விட்டு நாளை எண்ணினேன்.

"ஞாயித்துக்கிழமை காலைல."